ஈரப்பதம் காட்டும் மீட்டர்: ஒரு வருடம் வைத்துப் பார்த்ததில்

இரண்டு தடவை பூஞ்சை எதிர்ப்பு பெயிண்ட் அடித்து, இரண்டு தடவையும் அதே மூலையில் அதே கறுப்புப் புள்ளிகள் திரும்பி வந்த பிறகுதான் இந்த மீட்டரை வாங்கினேன். மகளுக்கு ராத்திரி இருமல் வேறு நிற்கவில்லை. பெயிண்டைப் பற்றி ஒரு வரி போதும்: சுவருக்குள் ஈரம் இருக்கும்வரை எந்த டப்பாவும் வேலைக்கு ஆகாது, தண்டச் செலவு.

மீட்டர் உள்ளங்கை அளவுதான். வெப்பநிலை ஒரு எண், காற்றின் ஈரப்பதம் ஒரு எண், வேறு எதுவும் கிடையாது. வாங்கியதும் உப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு (உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது), மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. சரி, நாலைக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன், கீழே சொல்லும் எண்கள் எல்லாம் கூட்டிய பிறகு உள்ளவை.

அறை நடுவில் 62. அலமாரிக்குப் பின்னால், அந்தக் கறுப்புப் புள்ளி மூலையில் வைத்தால் 80ஐத் தாண்டியது! அது வெளிச்சுவர், எப்போதும் குளிர்ந்து கிடக்கும், காற்றோட்டமும் இல்லை. காற்று குளிரக் குளிர அதனால் தாங்க முடிகிற ஈரம் குறையும், அதனால் அறையில் இருக்கிற அதே காற்றுதான் அந்த இடுக்குக்குள் போனதும் நனைந்த துணி மாதிரி ஆகிவிடுகிறது. அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுத்தேன், துணிகளை உள்ளே காயப்போடுவதை நிறுத்தினேன், குளித்த கையோடு ஜன்னலைத் திறந்தேன். 62 என்பது 57 ஆனது. மூலை மட்டும் அசையவில்லை, ஏனென்றால் அது எங்களால் வந்த ஈரமே இல்லை, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் உடைந்து சுவரில் கசிகிறது. மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "ஜன்னலைத் தொறந்து வைங்க" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இங்கேதான் மீட்டரின் வேலை முடிந்துபோகிறது. புகார் கொடுத்தால் ஆய்வுக்கு வருவோம் என்று நிர்வாகம் சொன்னாலும், வாடகைக்கு இருப்பவன் எத்தனை பேர் கொடுப்பான்? நானே கொடுக்கவில்லையே. புகாருக்குக் காத்திருக்காத விதிதான் வேண்டும். ஈரத்துக்கு இல்லை, குழந்தைகளுக்கு நஞ்சான ஈயத்துக்கு அப்படி ஒரு விதி இருக்கிறது: அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் 2006 முதல் பழைய வாடகை வீடுகளை வழக்கமாக ஆய்வு செய்யும்போதே ஈயம் கலந்த பெயிண்ட் உரிந்து கிடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அப்படி விதி இல்லாத இடங்களில் என்ன நடக்கும் தெரியுமா, ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பது தெரிந்த பிறகு அந்த வீட்டைத் தேடிப் போவார்கள். குழந்தையையே மீட்டராக வைத்துக்கொள்வது.

"அஞ்சு பாயின்ட் குறைஞ்சதுக்கு இவ்வளவு சந்தோஷமா" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியூசிலாந்தில் சுமார் 1,350 வீடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பாதிக்கு முதலில் கூரையிலும் தரையடியிலும் வெப்பக்காப்பு (வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்கும் அடுக்கு) போட்டு, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி படுக்கையறையில் கூடிய வெப்பம் சுமார் அரை டிகிரி, குறைந்த ஈரப்பதம் சுமார் 2.3 சதவீதம். என் மீட்டரின் பிழையே அதைவிட அதிகம், இதை வைத்து அளந்திருந்தால் ஒன்றும் மாறவில்லை என்று நினைத்திருப்பேன். ஆனால் அந்த வீடுகளில் மூச்சிரைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போட்டதும் பெரியவர்கள் வேலைக்கு லீவு போட்டதும் குறைந்தன.

அதே நாட்டில் 2019இல் வாடகை வீடுகளுக்கென்று தனி விதிகள் வந்தன. முக்கிய அறையை 18 டிகிரிக்குச் சூடாக்க வசதி, சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் ஃபேன், வெப்பக்காப்பு எல்லாம் உண்டு. நான் இரண்டு முறை படித்த இடம் மழைநீர் வடிகால் பற்றியது: கூரை நீரைச் சரியாக வெளியேற்றும் குழாய்கள் இருக்க வேண்டும், அது வீட்டுக்காரர் பொறுப்பு. ஜன்னலைத் திறக்கச் சொல்லித் தப்ப முடியாது.

மீட்டருக்கு நாலு ஸ்டார். பேட்டரி ஒரு வருடமாக மாற்றவில்லை. பின்பக்கக் காந்தம் மட்டும் வலுவில்லை, இரண்டு முறை கீழே விழுந்தது, இப்போது அந்த மூலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். நேற்று மழை. 83.