சீனக்குடாக் குதங்களை எந்த மரத்தில் அடுக்குவது?

திருகோணமலைச் சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள். குதத்துக்குக் கீழே வால்வு, பம்ப் அறைக்குக் கீழே பம்ப், அதற்குக் கீழே மோட்டார், பெயாரிங் என்று மேலிருந்து கீழாகக் கிளை பிரியும் இந்த அடுக்கைத்தான் மரம் என்கிறோம்; அதைத் தரவுத்தளத்தில் வைக்க நாலு வழி உண்டு. முதலில் கேட்க வேண்டியது, கழற்றி மாட்டுகிற சாமானா என்பதுதான்.

ஒவ்வொரு வரியிலும் தாயின், அதாவது நேர் மேலே உள்ள உருப்படியின், எண்ணை மட்டும் எழுதுவது முதல் வழி. மோட்டாரை இடம் மாற்ற ஒரு வரியைத் திருத்தினால் போதும். முழுக் கிளையையும் எடுக்க ரிகர்சிவ் குவெரி, அதாவது மட்டம் மட்டமாகத் தன்னையே திரும்ப அழைத்துத் தேடும் கேள்வி, வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அது 8.0 பதிப்பில்தான் வந்தது, அதனால் பலர் இந்த வழியை ஒதுக்கினார்கள். இன்று அந்தக் காரணம் இல்லை. ஆபத்து வேறிடத்தில்: பம்பைத் தவறுதலாக அதன் மோட்டாருக்குக் கீழே போட்டால் குவெரி சுற்றிக்கொண்டே இருக்கும். சேமிக்குமுன் புதிய தாயிலிருந்து மேலே ஏறிப் பாருங்கள்; வழியில் அதே பம்ப் வந்தால் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, உச்சியிலிருந்து வரும் எண்களை 1/14/203/ என்று பாதையாகவே எழுதுவது. தேடல் வேகம். ஆனால் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டு 1/14 என்று தேடினால் 1/141 உம் சேர்ந்து வரும். கிளையை நகர்த்தினால் கீழுள்ள அத்தனை வரியும் மாறும்.

மூன்றாவது இடது-வலது எண் முறை: ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு எண்கள், கீழுள்ளவற்றின் எண்களெல்லாம் அவற்றுக்கு இடையே அடங்கும். இது சொத்துப் பதிவுக்கு வேண்டாம். தொடக்கத்தில் ஒரு வால்வைச் செருகினால் அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லா எண்களும் நகரும்.

முன்னோர்-வழித்தோன்றல் சோடிகளை, அதாவது ஒவ்வொரு உருப்படியையும் அதற்கு மேலுள்ள ஒவ்வொன்றோடும் சோடியாக, தனி அட்டவணையில் வைப்பது நாலாவது. ஆறாம் மட்டத்துப் பெயாரிங்குக்கு, தன்னையும் சேர்த்து, 6 வரிகள். 40 உருப்படி உள்ள கிளையை நாலு முன்னோருக்குக் கீழே கொண்டுபோனால் 160 புது வரிகள். பழைய தொடர்புகளை முதலில் அழிக்க வேண்டும். அறிக்கைகள் அதிகமென்றால் இது வேண்டும், இல்லையேல் முதல் வழியே போதும்.

எதை எடுத்தாலும் உரிமையை இந்த மரத்துக்குள் கொண்டுவராதீர்கள். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் இக்குதங்கள் 14, 24, 61 என மூன்று தரப்புக்குப் பிரிந்தன. நிறுவனத்தை உச்சியில் வைத்திருந்தால் அன்று மரத்தையே பிடுங்கி நட்டிருக்க வேண்டும். தொடங்கிய தேதி, முடிந்த தேதியோடு அது தனி அட்டவணையில் இருக்கட்டும்.

மோட்டாருக்கும் அப்படியே. ரீவைண்டிங்குக்கு (கம்பிச் சுருளை மறுபடி சுற்ற) கழற்றி, ஸ்பெயாரை மாட்டும்போது தாயின் எண்ணை மட்டும் மாற்றினால் பழுதுக் கணக்கும் மோட்டாரோடு போய்விடும். பம்ப்-2 இல் மட்டும் பெயாரிங் ஏன் அடிக்கடி போகிறது என்று பிறகு எந்தக் குவெரியாலும் கண்டுபிடிக்க முடியாது. இடத்துக்கு ஒரு எண், பொருளுக்கு ஒரு எண், இரண்டுக்கும் நடுவே தேதியோடு ஒரு வரி வையுங்கள்.