நரம்பு வலிக்குக் கபாபென்ரினா, பிரீகபலினா? சிறுநீரகம் தளர்ந்த முதியவரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நீண்டகாலச் சலரோகத்தால் (நீரிழிவால்) பாதங்களில் எரிவும் விறைப்பும் கண்டவர்களுக்கும், அக்கி மாறிய பின்னரும் விலாப்புறத்தில் வலி விட்டகலாதவர்களுக்கும் பனடோலோ மூட்டுவலிக் குளிசையோ பெரிதாக உதவுவதில்லை. அடிபட்ட இடத்தில் எழும் வலி வேறு, பழுதடைந்த நரம்பு தானாகவே எழுப்பும் வலி வேறு. இந்த இரண்டாவது வகைக்கு வைத்தியர்கள் எழுதித் தரும் மருந்துகளில் முன்னிற்பவை கபாபென்ரினும் பிரீகபலினும் ஆகும். இரண்டும் வலிப்பு நோய்க்கும் பயன்படும் மருந்துகள். எழுபது வயதைக் கடந்த எங்கள் அம்மாவுக்கு இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டி வந்தபோது, வைத்தியருடன் கலந்து பேசிக் கபாபென்ரினையே தெரிவு செய்தோம். எனவே இந்த ஒப்பீடு நடுநிலையானது அல்ல. ஆனால் எங்கள் தெரிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவும் இல்லை.

முதலில் ஒற்றுமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கபாபென்ரின் 1993 இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்றது. 2002 இல் அக்கிக்குப் பின்னான நரம்பு வலிக்கும் அங்கே அனுமதிக்கப்பட்டது. பிரீகபலின் 2004 இல் வந்தது. நரம்பு முனைகளில் கல்சியம் நுழையும் வழிகளில் உள்ள ஒரே பகுதியில்தான் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வலிச் செய்தியைக் கடத்தும் பொருட்கள் குறைவாகவே வெளிவிடப்படுகின்றன. தூக்கக் கலக்கம், தலைச்சுற்று, நடையில் தள்ளாட்டம், பார்வை மங்கல், கால் வீக்கம், உடல் எடை கூடுதல் ஆகிய பக்க விளைவுகளும் இரண்டுக்கும் பொதுவானவை. பயனிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதாகத் தெரியவில்லை. சலரோக நரம்பு வலிக்குக் கபாபென்ரின் எடுப்பவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு நான்கு பேருக்கு வலி பாதியாகக் குறைகிறது. மருந்தற்ற போலிக் குளிசை எடுத்தவர்களிலும் பத்துக்கு இரண்டு பேருக்கு அப்படிக் குறைந்திருக்கிறது. எந்த மருந்தைத் தொடங்கினாலும் இந்த அளவை மனத்தில் வைத்திருப்பது நல்லது. வலி முற்றாக மறையும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான், சொன்ன அளவுக்கு மேல் தாங்களாகவே ஒரு குளிசையைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறார்கள்.

உடலில் உறிஞ்சப்படும் விதத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. கபாபென்ரின் குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்லும் வாசல் ஒடுங்கியது. நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் எடுக்கும்போது அதில் 60 சதவீதமளவு உள்ளே சேர்கிறது. 3600 மில்லிகிராம் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது. பிரீகபலினோ எந்த அளவில் எடுத்தாலும் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்படுகிறது. அளவை இருமடங்காக்கினால் இரத்தத்தில் அதன் செறிவும் இருமடங்காகிறது. மருந்தின் பலனை முன்கூட்டியே கணிக்க இது உதவுவதால், பிரீகபலினை மேலானது என்று சொல்பவர்கள் இதையே முதற் காரணமாகக் காட்டுவார்கள். ஆனால் மருந்துப் பெட்டியைத் தானே திறந்து எடுக்கின்ற, காலையில் குடித்தோமா இல்லையா என்று ஐயப்படுகின்ற ஒரு முதியவர் இருக்கும் வீட்டில், கூடுதலாக எடுத்தால் உறிஞ்சப்படும் பங்கு குறைகின்ற மருந்தே சற்று மனநிம்மதி தருகிறது. இது முழுமையான பாதுகாப்பு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கபாபென்ரினையும் அளவுக்கு மீறி எடுத்தால் ஆபத்துத்தான்.

எங்கள் தெரிவைத் தீர்மானித்தது இதுவல்ல, சிறுநீரகம்தான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால், சலரோகத்தால் பாத நரம்பு பழுதடைந்த ஒருவருக்கு, அதே சலரோகம் பெரும்பாலும் சிறுநீரகத்தையும் தொட்டிருக்கும்.

பல மருந்துகளை ஈரல் உடைத்து மாற்றி வெளியேற்றுகிறது. இவ்விரண்டு மருந்துகளும் அப்படி மாற்றமடைவதில்லை; உட்சென்ற வடிவிலேயே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகின்றன. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஆறு மணி நேரமளவில் இரத்தத்திலுள்ள மருந்தில் பாதி கழிந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால், முந்திய வேளையின் மருந்து நீங்கும் முன்னரே அடுத்த வேளையின் மருந்து வந்து சேரும். அப்படிச் சேர்ந்து கொண்டுபோனால் சில நாட்களில் பகல் முழுவதும் உறக்கம், குழறும் பேச்சு, கை கால்களில் திடீர்த் துடிப்பு, நினைவுத் தடுமாற்றம் என்று அறிகுறிகள் வரும். வீட்டார் அதைப் பாரிசவாதம் என்று எண்ணிப் பயப்படுவதும், வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிடுவதும் உண்டு.

இங்கே பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியற்றினின் அளவு ஆய்வுகூடத்தின் வழமையான எல்லைக்குள் இருந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கிரியற்றினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. தசை வற்றிய மெலிந்த முதியவர்களுக்குச் சிறுநீரகம் பாதியாகத் தளர்ந்திருந்தாலும் அந்த எண் சாதாரணமாகவே தோன்றும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். 74 வயதும் 45 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்குக் கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 1.1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 140 இலிருந்து வயதைக் கழித்து, மீதியை எடையால் பெருக்கி, 72 ஐக் கிரியற்றினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, பெண் என்பதால் 0.85 ஆல் மீண்டும் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 32; சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம் இது, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்ற கணக்கில். மருந்தின் வழமையான அளவுகள் 60 க்கு மேற்பட்டவர்களுக்கு வகுக்கப்பட்டவை. ஆக, அறிக்கையில் குறையேதும் இல்லாதவராகத் தோன்றும் இந்தப் பெண்ணின் சிறுநீரகம், அந்த எல்லையில் ஏறக்குறையப் பாதியளவுதான் வேலை செய்கிறது.

இந்த 32 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இரு மருந்துகளின் தகவல் தாள்களையும் பார்த்தால் வேறுபாடு துலங்கும். 30 க்கும் 60 க்கும் இடைப்பட்டவர்களுக்குக் கபாபென்ரின் நாளொன்றுக்கு 400 முதல் 1400 மில்லிகிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பிரீகபலினுக்கு அது 75 முதல் 300 மில்லிகிராம். சிறுநீரகம் நலமாக உள்ளவருக்குச் சலரோக நரம்பு வலிக்கு எழுதப்படும் வழமையான தொடக்க அளவு பிரீகபலின் 75 இரு வேளை, அல்லது 50 மூன்று வேளை, அதாவது நாளொன்றுக்கு 150. 75 இல் தொடங்க வேண்டிய, நான் சொன்ன பெண்ணுக்கு அது தொடக்கத்திலேயே இருமடங்கு. கிரியற்றினினை மட்டும் பார்த்து, வயதையும் எடையையும் கணக்கில் எடுக்காமல் எழுதினால் இது எளிதில் நடந்துவிடக்கூடியது.

அடுத்தது படிகளின் உயரம். பிரீகபலின் ஒரு மில்லிகிராம் கபாபென்ரின் ஆறு மில்லிகிராமுக்குச் சமம் என்று தோராயமாகக் கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 75 இன் ஒரு கப்சூல் கபாபென்ரின் 450 க்குச் சமம். பிரீகபலின் 25 மில்லிகிராமிலும் தயாரிக்கப்படுகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் நாங்கள் விசாரித்த மருந்துக்கடைகளில் 75 தான் தட்டாமல் கிடைத்தது. கபாபென்ரினில் 100 இன் கப்சூல் கிடைத்தது. அம்மாவுக்கு இரவில் 100 என்று தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பகலில் உறக்கம் வருகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பார்த்துப் பார்த்து, வைத்தியரின் சொற்படி அளவை ஏற்றினோம். தகவல் தாளில் உள்ள முதல் நாள் 300, இரண்டாம் நாள் 600, மூன்றாம் நாள் 900 என்ற வேகம் சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கானது. மெலிந்த முதியவருக்கு அந்த வேகம் வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எரிவு குறைந்து அம்மா இரவில் உறங்கத் தொடங்கியது தாளிலுள்ள உச்ச அளவுக்கு மிகக் கீழேயே; அளவை ஏற்றுவதை அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

சிறுநீரகக் கணக்கு ஒருமுறை பார்த்து முடிகிற காரியமும் அல்ல. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் சில நாட்களிலேயே மேலும் தளரும். நேற்று வரை சரியாக இருந்த அளவு இன்று கூடுதலாகிவிடும். அந்த நேரத்தில் வைத்தியரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அண்மைய கிரியற்றினின் அறிக்கையையும் அன்றைய எடையையும் கொண்டுபோய், இந்த மருந்தின் அளவு இவருக்கு இன்னும் பொருந்துகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சனம் நிறைந்த கிளினிக்கில் இந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும்.

பிரீகபலினின் நன்மைகளையும் சொல்ல வேண்டும். கபாபென்ரின் வழமையாக மூன்று வேளை மருந்து. பிரீகபலின் பெரும்பாலும் இரண்டு வேளையோடு முடிகிறது. வேலைக்குப் போகின்ற, சிறுநீரகம் நலமாக உள்ள நடுவயதினர் ஒருவருக்கு இது பெரிய வசதி. பலன் தரும் அளவுக்கும் விரைவாகச் சென்றடையலாம். ஒரு கிழமைக்குள் அளவை ஏற்றி முடித்துவிடுகிறார்கள். அக்கி வலியால் உறக்கமின்றித் தவித்த எங்கள் உறவினர் ஒருவருக்கு அது நன்றாகவே உதவியது; என்றாலும் அதை நான் அருகிலிருந்து பார்த்தது அவர் ஒருவரிடம் மட்டுமே. இன்னொன்று, பிரீகபலினைப் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவது இலங்கையில் ஒரு பிரச்சினையாகிவிட்டது. பிரித்தானியா 2019 ஏப்ரலில் இரண்டு மருந்துகளையுமே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் வரிசையில் சேர்த்தது. இளம் பிள்ளைகள் உள்ள வீட்டில் எதை வாங்கினாலும் எண்ணிப் பூட்டி வையுங்கள்.

மற்றத் தெரிவுகளை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கும் முந்நரம்பு வலிக்கு முதல் மருந்து இன்னமும் கார்பமசெபீன்தான். அந்த வலிக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அதை எடுப்பவர்கள் காய்ச்சலுடன் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆசிய மக்களில் ஒரு பகுதியினரிடம் உள்ள மரபணு ஒன்று, அந்த மருந்தால் தோல் உரியும் கடுமையான நோய் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. நரம்பு வலிக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான அமிற்றிப்ரிலின் மனச்சோர்வுக்கான மருந்து, வலிப்பு மருந்து அல்ல. மலிவானது, நல்ல பலனும் தரும். ஆனால் சிறுநீர் தடைப்படும் ஆண்களுக்கும் இருதய நோய் உள்ள முதியவர்களுக்கும் அது ஏற்றதல்ல.

எதைத் தொடங்குவதற்கு முன்னரும் உயிர்ச்சத்து பீ12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சலரோகத்துக்கு மெற்போமின் குளிசையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கு அது குறையலாம். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் அப்படியே. அந்தக் குறையும் இதே எரிவையும் விறைப்பையும் தரும். அதை நிரப்பாமல் வலி மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் பயனில்லை. இம்மருந்துகள் வலியைத்தான் குறைக்கின்றன, பழுதடைந்த நரம்பைத் திருத்துவதில்லை. வலி குறைந்தவுடன் கால் சுகமாகிவிட்டது என்று நம்பி, நல்லூர்க் கோயில் வெளிவீதியின் சுடுமணலில் வெறுங்காலுடன் அடியழித்து நேர்த்தி செய்யப் போகும் அம்மாமாரை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. உணர்வற்ற பாதம் சுடுவதை அறியாது.

பாதுகாப்பில் இரு மருந்துகளுக்கும் பொதுவான சில விடயங்களை விட்டுவிட முடியாது. ட்ரமடோல் போன்ற கடும் வலி மருந்துகளுடனோ, நித்திரைக் குளிசையுடனோ, மதுவுடனோ சேரும்போது இவை மூச்சை மந்தமாக்கக்கூடும். முதியவர்களுக்கும் நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்துக் கூட என்று 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. ஆகவே வேறு இடத்தில் எழுதிய குளிசைகள் அனைத்தையும் வைத்தியருக்குக் காட்டுங்கள். மனச்சோர்வு கூடுதல், உயிரை மாய்க்கும் எண்ணம் என்பனவும் சிலருக்கு வரலாம். வீட்டார் அதைக் கவனிக்க வேண்டும். சலரோகத்துக்குப் பியோகிளிற்றசோன் எடுப்பவருக்குப் பிரீகபலினும் சேர்ந்தால் கால் வீக்கம் கூடலாம். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த வயிற்றெரிவு மருந்து, கபாபென்ரின் உறிஞ்சப்படுவதை ஐந்தில் ஒரு பங்களவு குறைக்கும். அதைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தே கபாபென்ரினை எடுக்க வேண்டும். மலசலகூடம் வெளியே உள்ள வீடுகளில், தொடங்கிய முதற் கிழமைகளில் இரவில் முதியவரைத் தனியே படியிறங்க விடாதீர்கள். மருந்து பழகும் வரை மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

இரண்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வியர்வை, பதற்றம், உறக்கமின்மை, வலி மீளல் ஆகியன வரலாம். வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பே வரலாம். குறைந்தது ஒரு கிழமை, நீண்டகாலம் எடுத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலான காலம் எடுத்து, வைத்தியர் சொல்லும் படிகளில் இறக்க வேண்டும். 2022 இல் இலங்கையில் வந்த மருந்துத் தட்டுப்பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு நாங்கள், கிளினிக் திகதிக்கு அப்பாலும் இரண்டு கிழமைக்குப் போதுமான குளிசை வீட்டில் இருக்குமாறு வைத்தியரிடம் சொல்லி எழுதுவித்துக்கொள்கிறோம். அந்த இருப்பில் கைவைக்கும் நிலை வந்தாலும், 100 இன் கப்சூலாக இருப்பதால் வைத்தியரைக் கேட்டுச் சிறு படிகளில் இறக்கிக்கொள்ளலாம்.