மூக்கில் வைத்த சிலிகானை எடுத்த பிறகு: உடனே மூக்கை மறுபடி கட்டுவதா, ஒரு வருடம் பொறுப்பதா?

மூக்கு அழகு சர்ஜரி என்றால் மேற்கு நாடுகளில் பெரும்பாலும் தண்டில் உள்ள மேட்டைச் செதுக்கிக் குறைப்பார்கள். கொரியா, சீனா, தாய்லாந்து பக்கம் கதை தலைகீழ். அங்கே தாழ்ந்த தண்டை உயர்த்த வேண்டும், அதற்கு உள்ளே சிலிகான் துண்டு மாதிரி எதையாவது வைக்க வேண்டும். சியோலின் கங்னம், அப்குஜோங் பகுதி கிளினிக்குகளுக்கு இது அன்றாட வேலை. வைத்தது தொல்லை கொடுத்து வெளியே எடுப்பதும் அங்கே பழகிப்போன வேலைதான்.

எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது, "அடுத்து எதை வைப்பீர்கள்?" என்று. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அடுத்ததை எப்போது வைப்பது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும்.

அந்த முடிவு, எதற்காக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. துண்டு கோணலாகிவிட்டது, விளிம்பு தெரிகிறது, உயரம் பிடிக்கவில்லை என்பதற்காக எடுத்தால் பெரிய சிக்கல் இல்லை. கிருமித்தொற்று இல்லாத மூக்கில் பழையதை எடுத்த கையோடு புதியதை வைக்கலாம். நுனித்தோல் சிவந்து, மெலிந்து, அடியில் துண்டு வெளுப்பாகத் தெரிய ஆரம்பித்தால் அது வேறு கணக்கு. ஆங்கில 'எல்' எழுத்து வடிவத் துண்டுகளில் இது அதிகம், ஏனென்றால் அவை நுனியை உள்ளிருந்து ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். தோல் ஓட்டை விழும் வரை காத்திருக்கக் கூடாது.

சீழ் வந்துவிட்டால்? பலரும் முதலில் பிடித்துக்கொள்வது ஆன்டிபயாட்டிக்கை. இருக்கும் வழிகளிலேயே மோசமானது இதை மாதக்கணக்கில் இழுப்பது. செயற்கைப் பொருளின் மேல் கிருமிகள் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் சரியாகப் புகாது. மாத்திரை சாப்பிடும்போது வீக்கம் வடியும், நிறுத்தினால் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே தழும்பு கூடும். அந்தத் தழும்புதான் பிற்பாடு மூக்கைச் சுருக்கப் போகிறது.

எடுக்கும் வேலை, உள்ளே இருப்பதைப் பொறுத்து மாறும். சிலிகானைச் சுற்றி உடல் ஒரு நார்ப்பையைக் கட்டும், சதை அதில் ஒட்டாது. அதனால் மூக்குத் துளைக்குள் சின்னதாகக் கீறினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் போதும். கோர்டெக்ஸ் என்ற நுண்துளைப் பிளாஸ்டிக் அப்படியல்ல. அதில் 10 முதல் 30 மைக்ரான் அளவுத் துளைகள் உண்டு, சதை அவற்றுக்குள் கொஞ்சம் வளர்ந்திருக்கும், பிரித்துத்தான் எடுக்க வேண்டும். மெட்போர் என்ற இன்னொரு பிளாஸ்டிக் இன்னும் பெரிய துளைகள் கொண்டது. சதையும் ரத்த நாளமும் ஊடுருவிப் பின்னியிருக்கும், எடுக்கும்போது நல்ல திசுவும் கூடவே கிழியலாம்.

சரி, இப்போது போட்டியில் இருக்கும் இரண்டு வழிகளுக்கு வருவோம்.

எடுத்துவிட்டு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுப்பது பழைய வழி. தொற்று முழுக்க ஆறும், தழும்பு இளகும், தோலுக்கு ரத்த ஓட்டம் திரும்பும். அடுத்த சர்ஜரி சுத்தமான இடத்தில் நடக்கும். ஆனால் அந்த இடைவெளியில் தோல் சும்மா இருப்பதில்லை. தாங்க ஆளில்லாத மூக்கு சுருங்கி, நுனி மேலே இழுபட்டு, நேரே பார்த்தாலே துளைகள் தெரியும். கொரியர்கள் இதற்கென்றே 'குச்சுக்கோ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'குச்சுக்' சுருக்கம், 'கோ' மூக்கு. அப்படிச் சுருங்கியதை மறுபடி நீட்டுவது முதல் சர்ஜரியைவிடப் பல மடங்கு கடினம். பொறுப்பது சில சமயம் கட்டாயமும்கூட. சீன நடிகை காவ் லியூ 2021இல் தன் மூக்கின் நுனி கருகிப்போன படத்தை வெளியிட்டது நினைவிருக்கலாம். தோலே செத்த இடத்தில் மேலே எதையும் கட்ட முடியாது.

இன்னொரு வழி, எடுத்த அதே மேசையில் சொந்தக் குருத்தெலும்பை வைத்துக் கட்டிவிடுவது. சொந்தத் திசு என்பதால் செயற்கைப் பொருளைவிடத் தொற்றைத் தாங்கும், தோலையும் சுருங்கவிடாது. ஆனால் நார்ப்பையையும் அழுகிய சதையையும் சுரண்டி, நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், மேல்தோல் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் தொற்று மிஞ்சினால், வைத்த குருத்தெலும்பு கரைந்துபோகும். விலாவிலிருந்து எடுத்ததை அப்படி இழப்பது வயிற்றெரிச்சல்.

என் கட்சி இது: தொற்று லேசானது, தோல் நன்றாக இருக்கிறது, முதல் சர்ஜரியில் இரு துளைகளுக்கும் நடுவே உள்ள நடுச்சுவரையும் மாற்றியிருக்கிறார்கள் என்றால் உடனே கட்டுவது மேல். சீழ் கொட்டுகிறது, தோல் பிய்ந்திருக்கிறது என்றால் பொறுப்பதே மேல். இரண்டிலும் மறுபடி சிலிகானுக்கு இடமில்லை.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: எடுத்துவிட்டு எதுவுமே வைக்காமல் விடுவது. தண்டின் மேல் நேர்த்துண்டு மட்டும் இருந்து, நுனியையும் நடுச்சுவரையும் தொடாமல், தொற்றும் இல்லாமல் இருந்தால் மூக்கு ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பும். நீண்ட வருடம் அழுத்தியிருந்தால் அடியில் எலும்பு கொஞ்சம் பள்ளமாகியிருக்கலாம், அவ்வளவுதான்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. காதுக் குருத்தெலும்பு வளைந்தது, கொஞ்சம்தான் கிடைக்கும். நுனிக்குப் போதும். விலா தாராளமாகக் கிடைக்கும், சுருங்கிய மூக்கை முன்னே தள்ளும் வலு அதற்குத்தான் உண்டு. ஆனால் செதுக்கிய பிறகு வளையும், வயதானவர்களுக்கு சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும், எடுக்கும்போது நுரையீரல் உறை கிழியும் அபாயமும் அபூர்வமாக உண்டு. குருத்தெலும்பைப் பொடியாக நறுக்கி, நெற்றிப்பொட்டுத் தசையின் மெல்லிய உறைக்குள் அடைத்து வைக்கும் முறையை டேனியல், கால்வெர்ட் என்ற சர்ஜன்கள் 2004இல் எழுதினார்கள். அது வளையாது, தண்டு வழவழப்பாக வரும். ஆனால் தூண் மாதிரித் தாங்காது, நுனிக்கு உதவாது.

பொறுத்திருக்கும் மாதங்களில் பள்ளத்தை ஃபில்லர் ஊசியால் நிரப்பிக்கொள்ளும் ஆசை வரும். ஏற்கெனவே கத்தி பட்ட மூக்கில் ரத்த நாளங்கள் இடம் மாறியிருக்கும். ஃபில்லர் நாளத்துக்குள் போனால் தோல் கருகலாம், கண் பார்வையே போகலாம்.

அப்புறம், எந்த வழிக்குப் போனாலும் முதல் சர்ஜரியின் குறிப்பைப் பழைய மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது சிலிகானா மெட்போரா, நடுச்சுவரில் எவ்வளவு எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். குறிப்பு கிடைக்காவிட்டால், இரண்டாவது சர்ஜன் திறந்து பார்த்த பிறகே தன் திட்டத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால் காதிலும் விலாவிலும் கை வைக்க முன்கூட்டியே சம்மதம் கேட்பார்.