கோஹா: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு நூலகரின் மதிப்பீடு

நூலகத்தைக் கணினிமயமாக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கோஹா என்ற நூலக மென்பொருள் நன்றாக இருக்கிறதா என்பதுதான். நன்றாகவே இருக்கிறது. பல ஆண்டுகளாக அதில்தான் வேலை பார்க்கிறேன், வேறு எதற்கும் மாறும் எண்ணமில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு: உங்கள் நூற்பட்டியல் எந்த நிலையில் இருக்கிறது? புத்தகம் அலமாரியில் இருந்தும் தேடும்போது திரையில் வரவில்லையென்றால், தேடியவரைப் பொறுத்தவரை அது நூலகத்தில் இல்லை. அப்படி வராமல்போன இடங்களில் மென்பொருள் காரணமாக இருந்தது கொஞ்சம், எங்கள் பதிவுகள் காரணமாக இருந்ததே அதிகம். தமிழ்ப் புத்தகங்களில் இன்னும் அதிகம்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் 1999இல் எழுதியது கோஹா. அங்கிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்காது என்ற நெருக்கடிதான் காரணம். கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. சர்வருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் செலவு உண்டு. அதை மறைத்து ‘இலவசம்’ என்று மட்டும் சொல்லி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்குவது நல்லதல்ல.

நாங்கள் முன்பு வைத்திருந்தது ஒரு தனியார் மென்பொருள். அதிலிருந்த தமிழ்த் தலைப்புகள் எல்லாம் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தன. அந்தக் குறியாக்கங்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போய் உட்காரும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி அதற்குப் பின்னால். மாற்றித் தரும் நிரல் இந்த வரிசையைச் சரியாகத் திருப்பிப்போட வேண்டும். அதோடு ‘கொ’ போன்ற எழுத்துகளில் இன்னொரு சிக்கல். அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது, ஆனால் சமமாக எடுத்துக்கொள்ளும்படி தேடுபொறியை அமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ‘கொடி’ என்று தேடுகிறவருக்குப் பாதிக் கொடிகள்தான் கிடைக்கும்.

மாற்று நிரலால் பிடிக்கவே முடியாதவை, மனிதர் கையால் வந்த பிழைகள். பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அவசரத்தில் காலுக்கு ரகரத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அச்சிட்டால் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. இதைவிடப் பரவலானது ஔகாரம். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று அடித்த பதிவுகள் ஏராளம். குழந்தைகள் பிரிவில் ஔவையார் பற்றிய புத்தகங்கள் வரிசையாக நிற்கும், ஓபேக்கில், அதாவது வாசகர் தேடும் கணினிப் பட்டியலில், தேடினால் ஒன்றோ இரண்டோதான் தலைகாட்டும். கோஹாவில் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) அறிக்கை எழுதும் வசதி இருப்பதால், ‘ஒள’ என்று வரும் தலைப்புகளை மொத்தமாகப் பட்டியலெடுக்க முடிந்தது. ஆனால் அதை மொத்தமாக மாற்றிவிட முடியாது. அதே பட்டியலில் ‘ஒளி’ இருக்கிறது, ‘ஒளிப்பதிவு’ இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஒளியெல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை. மாதக்கணக்கில் நடந்த வேலை அது. நாங்கள் செய்ததிலேயே வாசகருக்கு அதிகம் பயன்பட்டது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தேடுபொறி அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோஹாவோடு வழக்கமாக வரும் தேடுபொறி ஸீப்ரா. அதன் இயல்பான அமைப்பு லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்தது. தமிழ் வேண்டுமென்றால் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றிவிட்டு, தேடல் அட்டவணை முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். பெரிய வேலையொன்றுமில்லை, விவரம் தெரிந்தவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். நிறுவித் தருகிறவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்தாயிற்றா என்று கேளுங்கள். உங்கள் கையாலேயே நான்கு தமிழ்ச் சொற்களைத் தட்டித் தேடியும் பாருங்கள்.

அப்போதும் தமிழின் இயல்பு விட்டுவைக்காது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தின்’ வராது. ‘மர’ என்று தட்டி நட்சத்திரக் குறி போட்டால் வரும், ஆனால் வாசகருக்கு யார் சொல்வது? தேடல் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவைத்திருக்கிறோம். ‘கதைத் தொகுப்பு’ என்று பிரித்து எழுதிய தலைப்பும் ‘கதைத்தொகுப்பு’ என்று சேர்த்து எழுதியதும் வெவ்வேறாகிவிடுவதால், பதிவில் தலைப்புக்கான 245ஆம் புலத்தில் புத்தகத்தில் உள்ளபடியே தலைப்பைக் கொடுத்து, மற்ற வடிவத்தை மாற்றுத் தலைப்புக்கான 246இல் சேர்க்கிறோம். ஆசிரியர் பெயரிலும் இதே தொல்லை. முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தது, புள்ளியோடு இடைவெளி விட்டது, இரண்டும் இல்லாதது, போதாக்குறைக்குப் புனைபெயர். ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்துவைக்கும் அத்தாரிட்டி பதிவு ஒன்றை உருவாக்கி, ஒரு வடிவத்தைத் தலைமையாக வைத்து மற்றவற்றை அதன் 400ஆம் புலத்தில் போட்டுவிட்டால் ஓர் ஆசிரியரின் நூல்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். முதலில் செய்யச் சலிப்பாக இருக்கும். பிறகு புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் அந்த வேலை மிச்சம்.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு இத்தனை பாடில்லை. நூலகக் கணினிகள் ஒன்றையொன்று தேட உதவும் இஸட்39.50 நெறிமுறை வழியாக மற்ற நூலகங்களின் பதிவை இழுத்துக்கொண்டால், நம் பிரதியின் விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும். தமிழ் நூலுக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பதிவு கிடைத்தாலும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். தமிழை நாம்தான் அடிக்க வேண்டும். திட்டம் போடும்போது தமிழ் நூல்களுக்கு இருமடங்குக்கு மேல் நேரம் ஒதுக்குங்கள்.

கவுண்டர் வேலை பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. உறுப்பினர் வகை, நூல் வகை என்று இரவல் விதிகளை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் போதும். விடுமுறை நாட்களை நாட்காட்டியில் ஏற்றி, அபராதக் கணக்கில் அதையும் பார்க்கும்படி அமைக்க வேண்டும். மறந்தால் பூட்டியிருந்த நாளுக்கெல்லாம் வாசகர் தலையில் அபராதம் விழும். தவணை நெருங்குவதையும் தாண்டியதையும் மின்னஞ்சலில் அதுவே சொல்லிவிடுகிறது. பார்கோடு ஸ்டிக்கரைப் புத்தகத்துக்கு உள்ளே ஒட்டாமல் வெளி அட்டையின் மேல் மூலையில் ஒட்டி, அதன் மேல் ஒளிபுகும் டேப் போடுங்கள். ஸ்டாக் எடுக்கும்போது ஒவ்வொரு புத்தகத்தையும் திறக்க வேண்டியிருக்காது. ஸ்கேன் செய்த எண்களின் கோப்பை ஏற்றினால், காணாமல்போனவையும் இடம் மாறி நிற்பவையும் தனியாக வந்து நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே கணினிமயமாக்கலாம் என்பேன்.

புத்தகத்தில் ஒட்டும் வானொலி அலைச் சில்லான ஆர்.எஃப்.ஐ.டி. பற்றிக் கேட்பார்கள். புத்தகங்களைக் கட்டாக வைத்து ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியும், வாசகரே இரவல் எடுத்துக்கொள்ளும் இயந்திரமும் வைக்கலாம். கூட்டம் மிகுந்த நூலகத்துக்குச் சரி. பதிவுகள் அரைகுறையாக இருக்கும் நிலையில் அந்தப் பணத்தைப் பட்டியலாக்குநர் ஒருவரின் சம்பளத்துக்குக் கொடுப்பதே மேல்.

புதிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு, மே மாதத்திலும் நவம்பரிலும். பதிப்பெண்ணே ஆண்டும் மாதமும்தான்: 22.11, 23.05 என்று போகும். வந்த வாரமே ஏற்ற வேண்டியதில்லை. வேறொரு கணினியில் தரவின் நகலை வைத்து ஏற்றிப்பார்த்து, இரவல், திருப்பி வாங்குதல், தமிழ்த் தேடல் மூன்றையும் சோதித்த பிறகே உண்மையான சர்வரில் கைவைக்கிறோம். பக்கத்தின் தோற்றத்தை மாற்ற விரும்பினால் கோஹாவின் அமைப்புப் பகுதியில் தரப்பட்டுள்ள இடத்தில் மாற்றுங்கள். நிரலின் கோப்புகளைத் திருத்தினால் அடுத்த பதிப்பு எல்லாவற்றையும் அழித்துவிடும்.

காப்பு நகல் தினமும் தானாக எடுக்கப்படுகிறது. ஆனால் இயல்பாக அது அதே சர்வரில்தான் கிடக்கும், சில நாட்களில் பழையவை நீக்கப்படும். எனவே தினமும் வேறு இடத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும், அதில் ஒன்றாவது வலைப்பின்னலோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை, கோப்புகளை முடக்கிப் பிணைத்தொகை கேட்கும் கும்பல் தாக்கியபோது, அதன் முதன்மை நூற்பட்டியலை வாசகர் மறுபடி இணையத்தில் தேட 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்த நிலை.

இரவல் வரலாறு பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது முக்கியம். யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார் என்பது மருத்துவக் குறிப்புக்கு நிகரான அந்தரங்கம். பழைய பேரேட்டில் அதைத் தோண்டி எடுக்க நாளாகும். கணினியில் ஒரு நொடி. திருப்பித் தந்த நூல்களின் இரவல் விவரத்திலிருந்து உறுப்பினரின் பெயரை நீக்கிவிடும் வசதி கோஹாவில் இருக்கிறது. நூல் எத்தனை முறை போனது என்ற கணக்கு அப்படியே நிற்கும், எடுத்தவர் யார் என்பது மட்டும் போய்விடும். எங்கள் நூலகத்தில் அதை ஓடவிட்டிருக்கிறோம். நீங்களும் செய்யுங்கள்.

கடைசியாக, நீங்கள் கோஹாவையே தேர்ந்தெடுக்காவிட்டாலும் பயன்படும் ஒரு சோதனை. ஹென்ரியெட் அவ்ரம் 1960களில் காங்கிரஸ் நூலகத்தில் உருவாக்கிய, நூற்பதிவுகளைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் வடிவம்தான் இன்றும் நூலகங்களுக்கிடையே பதிவுகள் போய்வரும் பாதை. பட்டியல் அட்டை அச்சிடுவதை ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு 2015இல் நிறுத்திவிட்டது, மார்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் விற்க வருகிறவரிடம், நூறு தமிழ்ப் பதிவுகளை உள்ளே ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அவற்றை அந்த வடிவத்தின் இன்றைய பதிப்பான மார்க் 21 கோப்பாக வெளியே எடுத்து உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை வெறுமையான ஒரு கோஹாவில் ஏற்றி, ஔகாரமும் கொம்பும் காலும் தப்பாமல் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் என்றோ, எக்செல் கோப்பாகத்தான் தர முடியும் என்றோ பதில் வந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.