‘சுகரிங்’ என்று சொல்லி ரெசின் வேக்ஸ் போடுகிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

தோழிகளே, ‘சுகரிங்’ (சர்க்கரைப் பாகை வைத்து முடி எடுப்பது) என்று போர்டு வைத்திருக்கும் பார்லரில் பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் நான் போன இடத்தில், சர்க்கரை என்று சொல்லி என் கையில் தடவியது மரப் பிசின் கலந்த சாதாரண ரெசின் வேக்ஸ். அதற்கு முன்பணமாக 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

சுகரிங் எனக்குப் புதிதல்ல. அக்கா ஷார்ஜாவில் இருக்கிறாள். அரபுப் பெண்கள் ‘ஹலாவா’ என்று காலங்காலமாகச் செய்துவருவது இதுதான். அங்கே போனபோது நானும் செய்துகொண்டிருக்கிறேன். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், அவ்வளவுதான் பொருள். பொரி உருண்டைக்குக் காய்ச்சுகிற மாதிரி, தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதம். கிட்டத்தட்ட 120 டிகிரி. எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால் பாகு பூத்துப் போகாமல் இழுபடும். நன்றாக ஆறவிட்டுக் கையால் பிசைந்து, முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்து, வளரும் திசையிலேயே சுண்டி எடுப்பார்கள். வலிக்கவே வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேரோடு வரும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் தோல் வேகாது. மிச்சம் ஒட்டியிருந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்துவிடும்.

இங்கே ஹீட்டரில் ஒரு டப்பா சூடாகிக்கொண்டிருந்தது. லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்தப் பெண் ஸ்பாட்டுலாவால் எடுத்து முடியின் போக்கிலேயே தடவி, பட்டையை ஒட்டி எதிர்த்திசையில் இழுத்தாள். அதே ஸ்பாட்டுலா திரும்பத் திரும்ப டப்பாவுக்குள் போனது. “என்னம்மா, இவ்வளவு சூடா இருக்கே, இது சுகரிங்தானா?” என்று கேட்டேன். மேனேஜர் வந்து, “இது இந்தியன் சுகரிங் மேடம், நம்ம ஊரு ஸ்கின்னுக்கு சூடாப் போட்டாத்தான் வேர் வரும்” என்றார். அக்குளில் போட்டதும் எரிச்சல் தாங்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்தால் பிசுக்கு போகவே இல்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகுதான் உருண்டு உருண்டு வந்தது. மறுநாள் அக்குள் முழுக்கக் கொப்புளம். ஸ்கின் டாக்டர் பார்த்துவிட்டு, சூடும் பட்டிருக்கிறது, அலர்ஜியும் இருக்கிறது என்றார். புண் ஆறிய பிறகு பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் அலர்ஜி என்று தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்ததில் கொலோபோனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கொலோபோனி என்பது பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின். பல வேக்ஸ்களின் ஒட்டும் பொருளே அதுதான். லேபிளில் ‘கிளிசரில் ரோசினேட்’ என்றும் போட்டிருப்பார்கள். சில வகை ஒட்டுப் பிளாஸ்திரியிலும் இருக்குமாம். எனக்குப் பிளாஸ்திரி ஒட்டினால் ஏன் அரிக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மரத்திலிருந்து வருவதால் அதையும் ‘நேச்சுரல்’ என்றே விற்கிறார்கள். அந்த வார்த்தையை நம்பி யாரும் தோலைக் கொடுக்காதீர்கள்.

பட்டை வைத்து இழுக்கிற இளக்கமான சர்க்கரைப் பாகும் உண்டு, அதனால் பட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. தடவும் முன் ஆறிய துளியை விரலில் வாங்கிக் குழாயில் கழுவிப் பாருங்கள். கரைந்தால் சர்க்கரை. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின் தடவுகிறவர்களும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம், தோலே உரிந்து வந்துவிடும். அந்தப் பார்லரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பணத்தைக் கேட்டால் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று பில்லில் அடித்திருப்பதைக் காட்டினார்கள். குறையான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. இதே போல ஏமாந்தவர்கள் பில், போட்டோ, டாக்டர் சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.