வீட்டில் நடனப் பலகை: தகடா, எஃப்எஸ்ஆரா, லோடு செல்லா?

பாட்டுக்கேற்பத் திரையில் அம்புகள் வரும்; அந்தந்தத் திசையில் உள்ள கட்டத்தை நேரம் பார்த்துக் காலால் மிதிக்க வேண்டும். நடன விளையாட்டு என்பது இதுதான். நடுவே நிற்க ஓர் இடமும் சுற்றிலும் நான்கு அம்புக் கட்டங்களும் கொண்டது நடனப் பலகை. அதைச் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "மிதித்தால் உடனே பதிவாகுமா?" என்றுதான். நானும் அதையே கேட்டேன். அலுமினியத் தகடும் நுரைப் பட்டையும் வைத்து முதல் பலகையை முடித்த அன்று, நான்கு கட்டங்களையும் கையால் அழுத்திப் பார்த்தேன். நான்கும் பதிவாயின. அன்று மாலை விளையாடியபோது, ஒரே அம்பு நான்கு முறை அடுத்தடுத்து வந்த இடத்தில் முதல் மிதி மட்டும் பதிவானது. மற்ற மூன்றும் தவறு என்று திரை சொன்னது. என் கால் சரியாகத்தான் மிதித்தது. முதல் மிதியில் ஒட்டிக்கொண்ட தகடு பிரியவே இல்லை. பலகையைப் பொறுத்தவரை நான் ஒரே மிதியாக நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பலகையையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: கால் போனது அதற்குத் தெரிகிறதா? நிமிடத்துக்கு 150 தட்டுகள் கொண்ட பாட்டில் ஒரு தட்டுக்கு 400 மில்லி வினாடி. அதை நான்காகப் பிரித்து அம்புகள் வந்தால் இடைவெளி 100 மில்லி வினாடி. அவை ஒரே கட்டத்தில் விழும்போது, அந்த நேரத்துக்குள் கால் இறங்கி, ஏறி, மறுபடி இறங்க வேண்டும். பலகையும் கூடவே மூடித் திறந்து மூட வேண்டும். ஏறியது பதிவாகாவிட்டால் இரண்டாவது மிதி என்று ஒன்று இல்லவே இல்லை.

தாமதத்தைப் பற்றிய பயம், மாறாக, பலருக்கு மிகையாகவே இருக்கிறது. கோனாமி நிறுவனம் 1998-ல் தொடங்கிய 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வரிசையில் மிக உயர்ந்த மதிப்பீடு பெற, அம்புக்கு முன்னும் பின்னும் சுமார் 16.7 மில்லி வினாடிக்குள் மிதிக்க வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு பலகை எப்போதும் 8 மில்லி வினாடி தாமதித்தால், இந்த விளையாட்டைக் கணினியில் ஆட உதவும் 'ஸ்டெப்மேனியா' போன்ற மென்பொருளில் ஒத்திசைவு அளவை அந்த 8-க்கு ஏற்ப நகர்த்தினால் முடிந்தது. ஒரு மிதிக்கு 2, அடுத்த மிதிக்கு 14 என்று மனம்போனபடி தாமதிக்கும் பலகையை எந்த அமைப்பாலும் திருத்த முடியாது.

தகட்டின் மேல் தகடு

மூன்று போட்டியாளர்களில் இதுவே எளியது. அடிப்பலகையில் ஒரு உலோகத் தகடு, மிதிக்கும் கட்டத்தின் அடியில் இன்னொன்று, இரண்டுக்கும் இடையே ஓரங்களில் நுரைப் பட்டை. மிதித்தால் நடுப்பகுதி வளைந்து தகடுகள் தொடும், சுற்று மூடும். வேண்டியதெல்லாம் ரம்பம், பசை, கொஞ்சம் ஒயர். மின்னணுவியல் தெரியாத ஒருவர் ஒரு வார இறுதியில் செய்து முடித்துவிடலாம்.

ஆனால் நுரைதான் இதன் உயிர், நுரைதான் இதன் நோய். புதிதாக இருக்கும்போது தகட்டை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும். சில மாதம் மிதிபட்டால் அமுங்கிப் போய் மீளாது. இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டரிலிருந்து காகித அளவுக்குக் குறையும்; கால் எடுத்த பிறகும் தகடுகள் ஒட்டியபடியே கிடக்கும். தடித்த நுரையைப் போட்டால் பிரிவது சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு அம்புக்கும் ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடத்தில் கணுக்கால் நோகும். கூடவே, நுரை ஓரத்தில் இருப்பதால் ஓரமும் மூலையும் செவிடு. நடுவில் மிதித்தால்தான் பதிவாகும். அம்யூஸ்மென்ட் மையங்களில் உள்ள இயந்திரத்தில் நிலைமை நேர் எதிர்: அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு ஓரங்களிலும் சென்சார்கள் இருக்கின்றன. நடுக் கட்டத்தில் நின்று ஆடுகிறவரின் கால் அம்புக் கட்டத்தின் உள்ளோரத்தைத்தான் அதிகம் தொடும் என்பதால், ஓரம் செவிடாவது சிறு குறையல்ல.

படலமா தகடா என்ற கேள்விக்கு என் பதில் தகடுதான். சமையலறை அலுமினியப் படலம் சீக்கிரம் கிழியும், கசங்கும். அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரண ஈயப் பற்றும் அதில் பிடிக்காது, ஒயரைத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு இந்த வகையில் தொல்லை குறைவு.

தகட்டு முறையைத்தான் பிடிப்பேன் என்பவர்களுக்கு ஒரு யோசனை. அசையும் மேல்தகட்டில் ஒயரைச் சேர்க்காதீர்கள். ஓயாமல் அசையும் ஒயர் என்றைக்காவது அறுந்தே தீரும். கீழ்த்தகட்டை நடுவே சிறு இடைவெளி விட்டு இரண்டாக வெட்டி, இரண்டு பாதியிலும் ஆளுக்கொரு ஒயர் கொடுங்கள். மேல்தகடு மிதிபடும்போது இரண்டையும் பாலமாக இணைக்கும். ஒயர் எல்லாம் அசையாத இடத்தில் இருக்கும். இதை முதல் பலகையிலேயே செய்திருந்தால் இரண்டு இரவுகளை மிச்சப்படுத்தியிருப்பேன்.

எஃப்எஸ்ஆர்

அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் மெல்லிய சென்சார் இது (force-sensing resistor என்பதன் சுருக்கம்). சும்மா இருக்கும்போது தடை மெகா ஓம் கணக்கில். நன்றாக மிதிக்கும்போது சில ஆயிரம் ஓமுக்கோ அதற்கும் கீழோ இறங்கும். நடனப் பலகைக்குப் பலர் எடுப்பது சுமார் 4 செ.மீ. சதுர வடிவம் கொண்டது. 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, நடுவில் கிடைக்கும் மின்னழுத்தத்தை மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி ஓட்டும் சிறு சிப், படிக்கும். 10 பிட் அளவீட்டில் அது 0 முதல் 1023 வரையிலான எண்ணாக வரும்.

தகட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த எண்ணில்தான் இருக்கிறது. தகடு ஆம், இல்லை என்ற இரண்டே சொற்கள் தெரிந்தது. எஃப்எஸ்ஆர் எவ்வளவு என்று சொல்கிறது. எங்கே ஆம் என்று கொள்வது என்பதை நாம் முடிவு செய்கிறோம். 400-ஐத் தாண்டினால் மிதி, 350-க்குக் கீழே வந்தால் விடுதலை என்று இரண்டு வரம்புகள் வைக்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால், அழுத்தியபடி நிற்க வேண்டிய நீள அம்பில் கால் சற்றே நடுங்கினாலும் பலகை மிதி, விடுதலை, மிதி என்று தெறிக்கும். விடுதலை வரம்பை மிகவும் தாழ்த்தினால் பழைய தகட்டு நோய் திரும்பிவிடும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பிடிப்பதில்தான் என் பொழுது பெரும்பாலும் போனது. ஆனால் அது திருகாணியைக் கழற்றாமல் மென்பொருளில் செய்யும் வேலை. நுரையை உரித்து மறுபடி ஒட்டும் வேலையோடு ஒப்பிட்டால் சுகம்.

ஒரு கட்டத்துக்கு நான்கு சென்சார்கள், நான்கு ஓரங்களிலும். அவற்றை இணைச் சுற்றாகச் சேர்த்து ஒரே உள்ளீட்டில் கொடுத்தால் எளிது. தனித்தனியாகக் கொடுத்தால் எந்த ஓரம் மந்தம் என்று தெரியும். ஏடிமெகா32யூ4 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில், இப்படி மின்னழுத்தத்தை எண்ணாகப் படிக்கும் அனலாக் உள்ளீடுகள் 12-தான் உண்டு. நான்கு கட்டங்களுக்கு 16 சென்சார்கள். எனவே அந்தச் சிப்பில் நேரடியாகத் தனித்தனியாகக் கொடுப்பது நடக்காது. நான் இணைச் சுற்றாகத்தான் சேர்த்தேன்.

குறைகளும் உண்டு. மேல்பலகையின் எடையே அடிப்படை எண்ணை உயர்த்தும். நேரம் போகப் போகவும் வெப்பநிலை மாற மாறவும் அந்த எண் நகரும். சென்சார் முழுப்பரப்பில் பலகை சமமாகப் படுத்தால் பதில் மந்தமாக இருக்கும். நடுவில் சிறு ரப்பர் துண்டை வைத்து விசையைக் குவித்தால் கூர்மையாகும். முக்கியமான எச்சரிக்கை: அதன் வாலில், அதாவது ஒயரை இணைக்கும் நீள முனையில், நேரடியாகச் சால்டரிங் செய்யாதீர்கள். அது பிளாஸ்டிக் படலம், சூட்டில் உருகும். நான் இரண்டை அப்படிக் கொன்ற பிறகே இணைப்பான் வாங்கினேன்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: சென்சார் எவ்வளவு நுட்பமோ அவ்வளவு உறுதியாக அடிப்பலகை இருக்க வேண்டும். மெல்லிய பலகையில் இடது கட்டத்தை மிதித்தால் அடிப்பலகை வளைந்து, மேல் அம்புக் கட்டத்தின் எண்ணும் எகிறும். தகட்டுப் பலகைக்கு இந்த வளைவு உறைக்காது, எஃப்எஸ்ஆருக்கு உறைக்கும். 18 மி.மீ. பிளைவுட்டும் அடியில் குறுக்குச் சட்டங்களும் போட்ட பிறகே என்னுடையது அடங்கியது.

லோடு செல்

எடையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்; மின்னணுத் தராசுக்குள் இருப்பது இது. கட்டத்தின் நான்கு மூலைகளிலும் வைத்துக் கூட்டினால், எங்கே மிதித்தாலும் கூட்டுத்தொகை மிதித்த எடைதான். நடு, ஓரம், மூலை எல்லாம் ஒன்று. இந்த நேர்மை எஃப்எஸ்ஆரிடம் கிடையாது. காகிதத்தில் இதுவே வெல்ல வேண்டும்.

சறுக்கல் அடுத்த படியில் வருகிறது. லோடு செல் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்க வேண்டும். எளிதில் கிடைப்பது எச்எக்ஸ்711 என்ற சிப். தராசுக்காகச் செய்யப்பட்ட அது வினாடிக்கு 10 அல்லது 80 முறைதான் அளக்கும். 80 என்றாலும் இரண்டு அளவுகளுக்கு நடுவே 12.5 மில்லி வினாடி. உங்கள் மிதி அதற்குள் எங்கே விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. முன்னே சொன்ன, மாறி மாறித் தாமதிக்கும் பலகை இதுதான். காய்கறி நிறுக்க அந்த வேகம் தாராளம், ஆட்டத்துக்கு ஆகாது. தனிப் பெருக்கிச் சுற்று ஒன்றைக் கட்டி, நேராக அனலாக் உள்ளீட்டில் கொடுத்தால் இந்தத் தடை நீங்கும். அதைக் கட்டத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையும் இல்லை.

இந்த மூன்றும் தவிர இன்னும் இரண்டு வழிகள் உண்டு, அவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கரி கலந்த கடத்தும் படலத்தை இரண்டு தகடுகளுக்கு இடையே வைத்துச் சொந்தமாக அழுத்த சென்சார் செய்யலாம், சிக்கனமானது. ஆனால் மிதித்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப அது காட்டும் சோம்பல் எஃப்எஸ்ஆரைவிட அதிகம், என் கேள்விக்கு அதனிடம் நல்ல பதில் இல்லை. அடிபட்டால் மின்னழுத்தம் தரும் பீசோ வில்லைகளைக் கேட்கவே வேண்டாம்: அவை அடியை அறியும், நிற்பதை அறியாது. கால் கட்டத்தின் மேலேயே இருக்கும்போதும் குறிகை (சிக்னல்) வடிந்துவிடும். நீள அம்பு வந்தால் கதை முடிந்தது.

கணினியோடு பேசுவது

பழைய விசைப்பலகையைப் பிரித்து அதன் சுற்றுப்பலகையைப் பயன்படுத்துவது பலரின் முதல் எண்ணம். விசைகள் வரிசை, நிரல் என்ற அணியில் இணைக்கப்பட்டிருப்பதால், தவறான விசைகளைத் தேர்ந்தால் மூன்றை ஒரே நேரத்தில் அழுத்தும்போது நான்காவது தானாக முளைக்கும். கரித் தடங்களில் சால்டரிங் பிடிக்காது என்பது வேறு. கேம்பேடு பலகையில் இதைவிட நுணுக்கமான கண்ணி இருக்கிறது: அதன் திசை விசைகளில் இடதும் வலதும் ஒரே அச்சின் இரு முனைகளாகக் கணக்கிடப்படலாம். அப்படியானால் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். சாதாரண விளையாட்டில் யாரும் அப்படி அழுத்துவதில்லை. நடன விளையாட்டிலோ இடது, வலது இரண்டிலும் ஒரே தாவலில் குதிப்பது அன்றாடம். எனவே ஒயர்களைத் திசை விசைகளில் அல்ல, சாதாரணப் பொத்தான்களில் கொடுங்கள்.

தகட்டுப் பலகையானாலும் யூஎஸ்பி-யில் நேராகப் பேசும் ஏடிமெகா32யூ4 சிப் கொண்ட ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சிறு மின்னணுச் சுற்றுப்பலகையையே நான் சிபாரிசு செய்வேன். தன்னை விசைப்பலகையாக அறிமுகம் செய்துகொள்ள அதற்குத் தெரியும். அதே வரிசையில் உள்ள ஆர்டுயினோ யூனோவின் முதன்மைச் சிப்புக்குத் தெரியாது. தகடுகள் தொடும்போது சில மில்லி வினாடிகள் தொட்டும் விட்டும் துள்ளும்; அதை வடிகட்டும் நிரல் பலவும் துள்ளல் அடங்கும் வரை காத்திருந்து பிறகு பதிவு செய்கின்றன. மாற்றி எழுதுங்கள்: முதல் தொடுகையை உடனே பதிவு செய்துவிட்டு, அடுத்த சில மில்லி வினாடிகளுக்கு எந்த மாற்றத்தையும் கவனிக்காமல் விடலாம்.

மேற்பரப்புக்கு அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்றால் பாலிகார்பனேட். அக்ரிலிக் ஓங்கி மிதித்தால் திருகாணித் துளையிலிருந்து விரியும். கட்டத்தின் பக்க அளவு சுமார் 28 செ.மீ. வைத்தால் அம்யூஸ்மென்ட் மையப் பழக்கம் அப்படியே வரும்.

எதைச் செய்வது? இந்த விளையாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்றே இன்னும் தெரியாதவர் தகட்டைச் செய்யுங்கள். வேகமான பாட்டுகளைத் தொடும் வரை அது போதும், நுரை அமுங்குவதற்குள் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே பிடித்துப்போனவர் தகட்டைத் தாண்டி நேராக எஃப்எஸ்ஆருக்குப் போங்கள். இடையில் தகட்டை மேம்படுத்தி மேம்படுத்தி நான் செலவழித்த மாதங்கள் உங்களுக்கு வேண்டாம். லோடு செல் பெருக்கிச் சுற்று கட்டுவதில் சுவை காண்பவருக்கு.

என் இரண்டாவது பலகையில் கீழ் அம்புக்கு மட்டும் மிதி வரம்பை மற்ற மூன்றைவிடக் குறைத்து வைத்திருக்கிறேன். பின்னால் போகும் கால் அந்தக் கட்டத்தை விரல் நுனியால்தான் தொடுகிறது, உடலின் எடை அங்கே முழுதாக இறங்குவதில்லை. வரம்பைக் குறைத்ததால் விடுதலை தாமதமானது. அதனால் விடுதலை எண்ணை மட்டும் மிதி எண்ணுக்கு மிக அருகே, 20 புள்ளி தூரத்துக்குக் கொண்டுவந்தேன். நீள அம்புகளில் எப்போதாவது தெறிக்கிறது. நான்கு முறை அடுத்தடுத்து வரும் அம்பு நான்கு முறையும் பதிவாகிறது.