தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்: சிவப்பு அங்கிக்குள் ஒரு பெயர்

மார்கரெட் ஆட்வுட் 1985இல் எழுதிய நாவலைத் தழுவி, ஹுலு என்ற இணையவழித் திரைத் தளத்தில் 2017இல் தொடங்கி 2025இல் ஆறாம் பருவத்துடன் நிறைவுற்ற இத்தொடரின் முதல் பருவத்துக்கு இணையாக அண்மைக்காலத் தொலைக்காட்சியில் அதிகம் சொல்ல முடியாது. அமெரிக்க அரசைக் கவிழ்த்து மதவாதிகள் நிறுவும் கிலியட் நாட்டில், குழந்தைப்பேறு அரிதாகிவிட்டதால், கருவுறும் தகுதியுள்ள பெண்கள் அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தரும் உடைமைகளாக ஒப்படைக்கப்படுகிறார்கள். ஜூன் என்ற பெயரே பறிக்கப்பட்டு, ஃபிரெட் என்ற அதிகாரிக்கு உரியவள் எனப் பொருள்படும் ‘ஆஃப்ஃபிரெட்’ ஆகிறாள் நாயகி.

என்னை உலுக்கியவை தூக்குக் காட்சிகள் அல்ல. மூன்றாம் அத்தியாயத்தில் கடையொன்றில் ஜூனின் வங்கி அட்டை செல்லாமல் போவதும், அன்றே அலுவலகப் பெண்கள் அனைவரும் வேலையிலிருந்து வெளியேற்றப்படுவதும்தான். ஜூனாக நடிக்கும் எலிசபெத் மாஸின் முகத்தை மிக அருகில் நிறுத்தும் ஒளிப்பதிவு, வெள்ளைத் தலையணிக்குள் அடங்கிய சினத்தைச் சொல்லின்றிக் காட்டுகிறது. இந்த ஆட்சிக்கு வாதாடிய எழுத்தாளரும் ஃபிரெட்டின் மனைவியுமான செரீனா, பெண்கள் வாசிக்கவே தடையுள்ள கிலியடில் விவிலியத்தை வாசித்த குற்றத்துக்காக விரலை இழப்பது இரண்டாம் பருவத்தின் உச்சம்.

அதன்பின் தொடர் தள்ளாடுகிறது. தப்பும் வாய்ப்பு கிடைத்தும் ஜூன் மீண்டும் மீண்டும் கிலியடிலேயே தங்கிவிடுவது, கதையின் தேவையைவிடத் தயாரிப்பாளர்களின் தேவையாகவே எனக்குப் பட்டது. முதலிரு பருவங்களைத் தவறாமல் காணலாம். வன்கொடுமைக் காட்சிகளைத் தாங்க இயலாதவர்கள் விலகியிருப்பதே நல்லது.